ஏழாம் எண் குழாயின் தேதி

5-4-2023, புதன்கிழமை
காலை 9.15

மருமகளுக்கு,

'அன்புள்ள' என்ற சொல் விடுபட்டிருப்பது மறதியால் அன்று. 22-1-2023 ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நீ இரண்டு பெட்டிகளுடன் இந்த வீட்டை விட்டுப் புறப்பட்டபோது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. இன்றோடு எழுபத்து மூன்று நாள்கள் ஆகின்றன. உன் கணவன் கப்பலிலிருந்து கூப்பிடும்போதெல்லாம், "ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?" என்று கேட்கிறான். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

இக்கடிதம் சமாதானத்துக்காக எழுதப்படுவதன்று. இது ஒரு புகார்.

சென்ற மாதம் இங்குள்ள மருத்துவமனையில், ஆய்வுக்கென்று ஒரு குழாய் இரத்தம் கொடுத்தேன். அது நீ பணிபுரியும் ஆய்வுக்கூடத்துக்கே போகிறது என்று தெரிந்தேதான் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதே. நேற்று எனக்கு வந்த கடிதம் கூறுகிறது: "தங்கள் மாதிரி உரிய கால வரம்பைக் கடந்த நிலையில் வந்தமையால் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

நான் திரிந்துபோன பால் அல்லன். முப்பத்தாறு ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தவன். எந்தக் கோப்பையும் காலம் கடந்து அனுப்பாதவனுடைய இரத்தம் மட்டும் எப்படிக் காலம் கடக்கும்? எழுத்து மூலம் விளக்கம் தேவை. தொலைபேசியில் வேண்டாம், வாய்ப்பேச்சைக் கோப்பில் வைக்க இயலாது.

இப்படிக்கு,
உன் மாமனார்

•

9-4-2023

மாமாவுக்கு,

நானும் 'அன்புள்ள' போடவில்லை, கணக்குச் சரியாகிவிட்டது.

கொடுப்பவர் யார் என்பது எங்களுக்குத் தெரியக்கூடாது. குழாய்க்கு எண் மட்டும்தான். ஆனால் ஏழாம் எண் குழாயைக் கையில் எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யார் சீட்டை வீட்டிலேயே அடிக்கோல் வைத்து எழுதி ஒட்டுவார்கள்? வேறு யாருடைய ஏழு நடுவில் குறுக்குக் கோடு போட்டு இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கும்?

விளக்கம் கேட்டீர்கள். ஒரு மருந்தைச் சுமந்து போக மிக நுண்ணிய துகள்களைச் செய்திருக்கிறோம். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். மூட்டு வீங்கி நடக்க முடியாத வயதானவர்களுக்கு ஊசியில் போகப்போகிறது. துகள் மூட்டுக்குப் போய்ச் சேருகிறதா என்பது மற்றவர்கள் வேலை. போகிற வழியில் உடம்பின் காவல்காரர்களான வெள்ளையணுக்கள் அதைப் பார்த்துக் கலவரம் செய்யுமா என்று பார்ப்பது என் வேலை. இரத்தத்தில் துகளைக் கலந்து, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைத்து, அணுக்கள் எவ்வளவு அழற்சிப் புரதத்தைக் கக்குகின்றன என்று அளப்போம்.

ஏழு பேரில் ஆறு பேருடைய அணுக்கள் சும்மா இருந்தன. உங்களுடையவை ஊரைக் கூட்டின.

ஆனால் நீங்கள் எழுதிய சீட்டில் '6-3-2023, காலை 10.25' என்று இருந்தது. குழாய் எங்களிடம் வந்தது 7ஆம் தேதி பிற்பகல் 2.10. இருபத்தேழே முக்கால் மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அணுக்கள் துகள் இல்லாமலே எரிச்சலாகிவிடும். பழைய இரத்தம் சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. நீக்கிவிட்டு நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

வேறு யார் எழுதிய தேதியாக இருந்தாலும் ஒரு முறை கேட்டுப் பார்த்திருப்பேன். உங்கள் தேதியைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதானே.

அறிக்கை 28ஆம் தேதி அனுமதிக் குழுவுக்குப் போகிறது. மே மாதத்தில், முதல் இருபது பேருக்கு ஊசி.

அதோடு ஒன்று. ஜனவரி 8ஆம் தேதி, சாப்பாட்டு மேசையில் இருந்த என் ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்து நான்கு பக்கங்களில் 2022ஐ 2023 என்று சிவப்பு மையில் திருத்தினீர்கள். நான் எழுதியது தப்புதான். ஆனால் அந்த நோட்டில் இன்னொருவர் கை படக்கூடாது. தணிக்கைக்கு வந்தவர்கள் முன்னால் நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். நீங்களோ, "திருத்தியதற்கு நன்றி சொல்லும் பழக்கம் இந்தத் தலைமுறைக்குக் கிடையாது" என்றீர்கள்.

மருமகள்

•

12-4-2023, புதன்கிழமை
காலை 8.40

மருமகளுக்கு,

குறிப்பேட்டு விவகாரத்தில் தேதி பிழை என்பதை நீயே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறாய். அந்த வரியின் கீழ்க் கோடிட்டு வைத்துள்ளேன்.

இனி நமது விஷயம். என் நாட்குறிப்பில் உள்ளதை அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்: "6-3-2023, திங்கள். காலை 10.25. மருத்துவமனையில் இரத்தம் கொடுத்தேன். ஊசி வலிக்கவில்லை." ஆகவே என் பங்கில் குறை இல்லை. ஓர் இரவு முழுதும் என் இரத்தத்தை எவரோ கவனிப்பாரின்றி வைத்திருக்கிறார்கள். மருத்துவமனை செய்த குற்றத்துக்கு என்னை நீக்கியது எந்த ஊர் நியாயம்?

நீ எழுதியதில் இன்னொன்றும் உறுத்துகிறது. முதல் இருபது பேர் என்கிறாய். இருபதை ஏழால் வகுத்தால் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. மனிதரில் சற்றுக் குறைவு என்று ஒருவர் இல்லை, மூன்று பேர். என்னைப் போல் எழுபத்தொரு வயதில், மூட்டு வலியோடு வரிசையில் நிற்கும் மூன்று பேர். என் இரத்தம் பழையது என்பது மெய்யானால் அவர்களுக்கு ஆபத்தில்லை. மெய் இல்லையென்றால்?

நாளை மறுநாள் மருத்துவமனைக்கு நேரில் செல்லவிருக்கிறேன். மரியாதையாகவே பேசுவேன் என்று உறுதி கூற இயலவில்லை.

உன் மாமனார்

•

16-4-2023

மாமா,

உங்கள் 'மூன்று பேர்' என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

வேன் ஓட்டுநரைப் பிடித்துக் கேட்டேன். "முந்தின நாள் குழாயை நான் கையாலயும் தொட மாட்டேம்மா. அன்னைக்கு எடுத்ததை அன்னைக்கே ஏத்துவேன். சந்தேகம்னா தாளைப் பாரு" என்றார். பார்த்தேன். 7ஆம் தேதி, பகல் 12 மணிக்கு ஏற்றியது. அதில் உங்கள் குழாய் எப்படி வந்தது?

எங்கள் துறைத் தலைவரிடம் சொன்னேன். அவரை நாங்கள் இஸ்திரி என்போம். சட்டையிலும் அறிக்கையிலும் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது அவருக்கு. "சீட்டுல தேதி இருக்கு, நீ கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப எதுக்குத் தோண்டுற?" என்றார்.

மாமா, நீங்கள் மருத்துவமனையில் சண்டை போட்டாயிற்றா? போட்டிருந்தால் மறுபடி போங்கள். குழாய் உண்மையில் என்று எடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை எடுத்ததாக இருந்தால் அது புது இரத்தம். அப்படியென்றால் கத்தியது துகளைப் பார்த்துத்தான். நான் பொய்யான காரணத்துக்காக ஓர் உண்மையை நீக்கியிருக்கிறேன். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

மருமகள்

•

19-4-2023, புதன்கிழமை
காலை 6.05
(வேன் ஓட்டுநர் மூலம்)

அன்புள்ள மருமகளுக்கு,

இக்கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஆறாவது.

14ஆம் தேதி மருத்துவமனைக்குச் சென்றேன். இரத்தம் எடுக்கும் அந்த நர்ஸ், எதற்கெடுத்தாலும் சிரிக்கும் பெண், பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். 7-3-2023, செவ்வாய், பகல் 11.40, என் கையெழுத்து.

"அம்மா, உங்கள் பதிவேடு தவறு" என்றேன்.

"ஐயா, திங்கக்கிழமையும் நீங்க வந்தீங்க. அன்னைக்கு வேன் ரிப்பேரு. நாளைக்கு வாங்கன்னு நான்தானே திருப்பி அனுப்பினேன்?"

"என் நாட்குறிப்பில் திங்கள் என்று இருக்கிறது."

"அப்ப திங்கக்கிழமை உங்க டைரிதான் ரத்தம் கொடுத்துச்சு போல" என்று சொல்லி, வரிசையில் நின்றவர்களும் கேட்கும்படி சிரித்தாள்.

மிகுந்த கோபத்துடன் வீடு திரும்பினேன். நான்கு நாள் கோபமாகவே இருந்தேன். நேற்று உன் கடிதம் வந்தது. அதன்பின் நாட்குறிப்பை மீண்டும் எடுத்தேன்.

இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற பிறகு, மறுநாள் செய்யவிருப்பவற்றை முந்தின மாலையே நாட்குறிப்பில் எழுதிவிடுவது என் வழக்கம். செய்து முடித்ததைப் போலவே எழுதிவிடுவேன். எழுதியபடியே நடந்துகொள்வதால் பிழை நேர்ந்ததில்லை. மார்ச் 6ஆம் தேதிக் குறிப்பு 5ஆம் தேதி மாலை எழுதப்பட்டது. ஊசி வலிக்கவில்லை என்பதையும் முன்கூட்டியே எழுதியிருந்தேன். மருத்துவமனை முன்பே எனக்கு ஒதுக்கியிருந்த ஏழாம் எண்ணோடு குழாய்க்கான சீட்டையும் அன்றே எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். நர்ஸின் கையெழுத்து மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. மறுநாள் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள் போனேன், கொடுத்தேன், அதே சீட்டை எடுத்துப் பாராமலே ஒட்டச் சொன்னேன். அதன்பின், நடந்ததை நம்பாமல் எழுதியதையே நம்பி ஒரு மாதம் இருந்துவிட்டேன்.

நாட்குறிப்பின் உறையில் இரண்டு பேருந்துச் சீட்டுகள் இருந்தன. ஒன்று 6ஆம் தேதியிட்டது. மற்றொன்று 7ஆம் தேதியிட்டது.

ஊசி வலித்தது.

என் அலுவலகத்தில் தேதி திருத்தக் கேட்டு வந்தவர்களை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். உறுதிமொழி ஒன்று, ஆவணச் சான்று இரண்டு, சாட்சி இருவர். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அதே விதிப்படி என் தேதியைத் திருத்த விண்ணப்பிக்கிறேன். உறுதிமொழி, பதிவேட்டின் நகல், பேருந்துச் சீட்டு, நர்ஸும் ஓட்டுநரும் இட்ட சாட்சிக் கையெழுத்து ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

தவறு என்னுடையது. அதை எவர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்வேன். ஆனால் என் தவறு சீட்டில் இருந்தது, இரத்தத்தில் இல்லை. என் அணுக்கள் சொன்னது மெய். என்னை அந்தக் கணக்கிலிருந்து நீக்க உனக்கோ, உன் இஸ்திரிக்கோ, எவருக்கோ இனி உரிமை இல்லை. ஏழாம் எண்ணைத் திரும்பச் சேர்.

உன் மாமனார்

•

21-4-2023, வெள்ளி
(வேன் மூலம்)

அன்புள்ள மாமா,

படித்துவிட்டுக் குளிர்பதன அறைக்குள் போய் நின்று அழுதேன். அங்கேதான் யாரும் வரமாட்டார்கள். பிறகு 'ஊசி வலித்தது' என்ற வரி ஞாபகம் வந்து சிரித்தேன். அதைக் கேட்டு ஆள் வந்துவிட்டார்கள்.

தாள்களை எடுத்துக்கொண்டு நேராக இஸ்திரி அறைக்குப் போனேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், கோப்பில் வையுங்கள்.

"ஏம்மா, ஒரு பஸ் டிக்கெட்டை வச்சு மூணு வருஷ வேலையை நிறுத்தச் சொல்றியா?"

"டிக்கெட் நிறுத்தச் சொல்லலை சார். ரத்த அணு சொல்லுது."

"ஒரே ஒரு ஆளு. கிழவர். அவருக்குச் சளி காய்ச்சல் ஏதாவது இருந்திருக்கும்."

"சார், ஊசி போட்டுக்கப் போறவங்களும் கிழவர்கள்தானே?"

பேனாவை மூடி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த ஏழாம் நம்பர் உன் மாமனார்னு உனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம கையெழுத்துப் போட்ட. குழு முன்னாடி இது வந்தா யார் தலை உருளும்?"

"என் தலைதான் சார். நானே சொல்லிடறேன், நீங்க சிரமப்பட வேண்டாம்."

"வீட்டுக்குப் போய் நல்லா யோசி."

யோசித்தேன். பயமாகத்தான் இருக்கிறது. இந்த வேலைக்காக எத்தனை வருஷம் படித்தேன் என்று உங்களுக்குத் தேதியோடு தெரியும். உங்கள் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்பா தப்பை ஒத்துக்கிட்டாரா? கப்பல் கவுந்துடப்போகுது" என்றார்.

ஒரே வழிதான் இருக்கிறது. மறுபடி செய்து பார்ப்பது. துகளில் கிருமிகளின் எச்சம் ஒட்டியிருந்தாலும் அணுக்கள் இப்படித்தான் கத்தும். அதனால் எச்சம் இல்லை என்று சோதித்துத் தேர்ந்த புதுத் தொகுதியை எடுத்து வைத்திருக்கிறேன். துகளே அளவுக் கருவியை ஏமாற்றலாம் என்பதால், அணு இல்லாமல் துகளை மட்டும் வைத்தும் அளந்துவிட்டேன், கருவி ஏமாறவில்லை. இனி இரத்தம்தான் வேண்டும். செவ்வாய், 25ஆம் தேதி வருவீர்களா?

சீட்டை நர்ஸ் எழுதட்டும்.

மருமகள்

•

25-4-2023, செவ்வாய்க்கிழமை
பகல் 11.20
(குழாய்ப் பெட்டியுடன்)

அன்புள்ள மருமகளுக்கு,

இதை மருத்துவமனை பெஞ்சில் அமர்ந்து, நடந்த பின்னரே எழுதுகிறேன். முன்கூட்டி எழுதியது ஒரு சொல்லும் இல்லை.

சீட்டை நர்ஸே எழுதினாள். அவளுடைய 4, 9 போலவும் 9, பலூன் போலவும் இருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். "என்ன ஐயா, அடிக்கோல் வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நான் மட்டும் வரவில்லை. ஒரே ஓர் ஆள் என்று உன் இஸ்திரி சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல் என்னைச் சுட்டுவிட்டது. எங்கள் காலைநடைக் கூட்டத்தில் விஷயத்தை விளக்கினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தையற்காரர், லிப்ட் பழுது பார்ப்பவர், பல் மருத்துவரின் மாமியார் உள்பட ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். அனைவரும் அறுபதைக் கடந்தவர்கள். ஒப்புதல் படிவம் ஆறு பக்கம். ஒருவரும் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது என்று நானே உரக்கப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் தையற்காரர் உறங்கிவிட்டார். அவருக்கு மட்டும் முதலிலிருந்து மீண்டும் படித்தேன். "ஊசியே மேல், இவர் வாசிப்பைத் தாங்க முடியல" என்றார்.

படிவத்தில் ஒரு வரி இருக்கிறது: எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று. அதைப் படித்ததும் தலைமையாசிரியை கேட்டார்: "விலகுற உரிமை எழுதியிருக்கு சரி. விலக்கப்படாம இருக்கிற உரிமை எங்க எழுதியிருக்கு?" அதை உன் குழுவிடம் கேள்.

பத்துக் குழாய்கள். கடைசிக் குழாய் எடுத்த நேரம் 11.10. ஓட்டுநர் இன்ஜினை முடுக்கிவிட்டு என்னை முறைக்கிறார். அஞ்சாதே. எவர் முன்னாலும் உண்மை சொன்னதற்காகத் தலைகுனிய வேண்டிய கட்டாயம் இல்லை. பொய்த் தேதி எழுதியவனே நிமிர்ந்து நிற்கிறேன், நீ ஏன் குனிய வேண்டும்?

உன் மாமனார்

•

29-4-2023, சனி

அன்புள்ள மாமா,

பத்தில் இரண்டு.

ஒன்று நீங்கள். போன முறையைவிட உரக்கவே கத்தியிருக்கிறீர்கள். இன்னொன்று பதினோராம் எண். யார் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். மற்ற எட்டுப் பேரும் அமைதி. முதல் ஆறு பேரையும் சேர்த்தால் பதினாறில் இருவர். துகளின் மேற்பூச்சில் உள்ள பொருள் களிம்புகளிலும் மாத்திரைகளிலும்கூட இருக்கிறது. சிலருடைய உடம்பு அதை முன்பே பார்த்துப் பகையாக வைத்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். இனிதான் பார்க்க வேண்டும்.

நேற்றுக் குழுவில் இஸ்திரி ஆறு பேர் கணக்கை வாசித்து உட்கார்ந்தார். நான் எழுந்தேன். ஏழாம் எண் என் மாமனார் என்று சொன்னேன். கையெழுத்தை அடையாளம் கண்டும் அதைச் சொல்லாதது என் தவறு என்றேன். தேதி எப்படித் தப்பானது என்று உங்கள் உறுதிமொழியை முழுதும் வாசித்தேன். 'ஊசி வலிக்கவில்லை என்பதையும் முன்கூட்டியே எழுதியிருந்தேன்' என்ற இடத்தில் குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு புது முடிவுகளை வைத்தேன். தலைமையாசிரியை கேட்ட கேள்வியையும் கேட்டேன்.

மே மாத ஊசி நிறுத்தப்பட்டது. மேற்பூச்சை மாற்ற வேண்டும். இல்லையென்றால் போட்டுக்கொள்கிற ஒவ்வொருவருடைய இரத்தத்தையும் முதலில் துகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஒருவருக்கும் கிடையாது.

எனக்கும் கிடைத்தது. இந்த ஆய்விலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். உறவை மறைத்ததற்கு எச்சரிக்கைக் கடிதம். நானாகவே விடுப்பில் போவதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார் இஸ்திரி. மாட்டேன் என்றேன். என் மேசையைக் குளிர்பதன அறை வாசலில் போட்டிருக்கிறார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போகப்போவதில்லை.

வெளியே வருவதற்கு முன் குழு என்னிடம் கடைசியாக ஒரு வேலை கொடுத்தது. ஏழாம் எண் சீட்டின் தேதியை விதிப்படி நான்தான் திருத்த வேண்டும் என்றார்கள். பழைய தேதி படிக்கும்படி ஒரே கோடு, மேலே சரியான தேதி, பக்கத்தில் சுருக்கொப்பம். பேனா கேட்டேன். குழுத் தலைவி கையில் இருந்தது சிவப்புப் பேனா.

உங்கள் 10.25ஐ அடித்து 11.40 என்றும், 6ஐ அடித்து 7 என்றும் எழுதினேன் மாமா. இடுப்பில் பெல்ட்டோடு. நகலை இணைத்திருக்கிறேன்.

மருமகள்

•

3-5-2023, புதன்கிழமை
காலை 9.15

அன்புள்ள மருமகளுக்கு,

நகல் கிடைத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடு நேராக உள்ளது. பழைய தேதி தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது. ஒப்பம் உரிய இடத்தில் இருக்கிறது. குறை காண முயன்றேன், இயலவில்லை.

ஜனவரி 8ஆம் தேதி நான் உன் குறிப்பேட்டில் திருத்தியபோது கோடு இழுக்காமல் உன் எழுத்தின் மேலேயே எழுதினேன், ஒப்பமும் இடவில்லை, உன்னைக் கேட்கவும் இல்லை. என் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் அப்படிச் செய்திருந்தால் அன்றே குறிப்பாணை கொடுத்திருப்பேன். இதை எழுத்து மூலம் ஒப்புக்கொள்கிறேன். கீழ்க் கோடிட்டுக்கொள்.

நாட்குறிப்பை இப்போது மாலையில், நடந்த பிறகே எழுதுகிறேன். பல நாள்களில் எழுத ஒன்றுமே இருப்பதில்லை. அதையும் அப்படியே எழுதுகிறேன்.

புதிய மேற்பூச்சு வந்தால் அதற்கும் எவரேனும் இரத்தம் தர வேண்டும். உன் இஸ்திரியிடம் சொல்: இங்கு பத்துப் பேர் தயாராக இருக்கிறோம், கத்த வேண்டுமென்றால் கத்துவோம். அன்று பதினோராம் எண் யார் என்று நான் எவரிடமும் கேட்கவில்லை. எனினும் தலைமையாசிரியை, "நாம ரெண்டு பேரும்தான்னு எனக்குத் தோணுது" என்று தாமாகவே சொல்லிப் பெருமையோடு நடக்கிறார்.

இன்று காலை நீ விட்டுச்சென்ற கம்பளிச் சால்வையைத் தேடி எடுத்தேன், இக்கடிதத்துடன் தபாலில் அனுப்புகிறேன். குளிர்பதன அறை வாசலுக்கு ஸ்வெட்டர் போதாது. அந்த மேசையை விட்டு எழுந்துவிடாதே.

இப்படிக்கு,
ஏழாம் எண்